சாந்தாமணி குதிரை ஏறிய ஆவணி

லாரியின் பின்பலகையை இறக்கினார்கள். உள்ளே இருட்டு. வைக்கோல் வாசனை வந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் அசையவில்லை. பிறகு அந்த இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. நாளெல்லாம் வேலை செய்துவிட்டு உட்காரும்போது நாம் விடுவோமே, அதே மாதிரி.

அதற்குப் பிறகுதான் அது வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு மட்டக்குதிரை. என் தோளுயரம்கூட இருக்காது. செம்மண் நிறம். நெற்றியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு வெள்ளை. இறங்குவதற்குச் சாய்த்து வைத்த பலகையை முன்னங்குளம்பால் இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் காலை வைத்தது.

அதுவரை குதிரை என்றால் வண்டியில் பூட்டியதைத்தான் நான் பார்த்திருந்தேன். கண்களுக்கு இருபுறமும் தோல் மறைப்பு, தலையில் வாடிப்போன பூ, வாயில் நுரை. இப்படி ஒன்றும் மாட்டாமல், தன் உடம்போடு மட்டும் நிற்கும் குதிரையைப் பார்த்ததில்லை. வெயில் பட்டதும் அதன் தோல் கழுத்திலிருந்து வால் வரை ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. நான் வாயைத் திறந்தபடி நின்றேன்.

திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் நின்ற சாந்தாமணியைக் காணோம்.

டக், சர்ர். டக், சர்ர். சோளத்தட்டுப் போருக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. அவளுடைய இடது காலின் இரும்புப் பூட்ஸ் மண்ணில் இழுபடும் சத்தம்.

"வேணாமுங்கப்பா. எனக்கு அது வேணாம். நான் பள்ளிக்கூடமே போகலைங்க."

அவள் அப்பா கயிற்றைப் பிடித்தபடி நின்றார். குதிரை மறுபடியும் ஒரு பெருமூச்சு விட்டது.

அந்தத் தோட்டத்தில் நாங்கள் நால்வர்

மேட்டூர்க் குடியிருப்பில் வளர்ந்த நான், ஆட்டையாம்பட்டிக்கு மேற்கே ஒரு தோட்டத்து வீட்டுக்கு மருமகளாக வந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். இது நான் வந்து இரண்டாவது ஆடியில் நடந்தது. எழுபதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருடம்.

என் வீட்டுக்காரர் போர் போடும் ரிக் லாரியோடு ஆந்திரா பக்கம் போய்விடுவார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முகத்தைக் காட்டுவார். வீட்டில் அவருடைய அண்ணன் இருந்தார். நான் அவரை மாமா என்பேன். அவர் மனைவியை அக்கா என்பேன். அவர்களுடைய ஒரே பெண் சாந்தாமணி. நான் அவளுக்குச் சின்னம்மா.

அவளுக்குப் பத்து வயது. இரண்டு வயதில் காய்ச்சல் வந்து இடது கால் சூம்பிவிட்டது. சேலத்து ஆஸ்பத்திரியில் அந்த இரும்புச் சட்டம் போட்ட பூட்ஸைக் கொடுத்திருந்தார்கள். பாவாடையைக் கணுக்கால் வரை தழையவிட்டு அதை மறைத்துக்கொள்வாள்.

அஞ்சாவது வரைக்கும் பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருந்தது. ஆறாவதுக்கு ஆட்டையாம்பட்டி போக வேண்டும். மூன்று மைல். பாதி வழி இட்டேரி, அதாவது இரண்டு பக்கமும் கிளுவை வேலிக்கு நடுவே ஓடும் மணல் தடம். அதைத் தாண்டினால் திருமணிமுத்தாறு. ஆறு என்று பெயர்தானே தவிர வருடத்தில் பத்து மாதம் மணல்தான்.

ஆனியில் மாமா அவளைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கூட்டிப் போனார். இரண்டாவது வாரம் இரும்புப் பூட்ஸ் சக்கரக் கம்பிக்குள் மாட்டிக்கொண்டது. இரண்டு பேரும் விழுந்தார்கள். அவளுக்கு முன்பல் பாதி உடைந்தது. முழங்கை தோல் உரிந்தது. அதற்கப்புறம் நகரும் எதன்மேலும் அவள் உட்காரமாட்டாள். மாட்டு வண்டியில் ஏற்றினால்கூட உடம்பு நடுங்கும். தூக்கிக் கீழே விட்டால்தான் மூச்சு வரும்.

பள்ளிக்கூடத்திலிருந்து தலைமையாசிரியர் சொல்லி அனுப்பினார். காலாண்டுப் பரீட்சைக்கு வராவிட்டால் பெயரை எடுத்துவிட வேண்டியதுதான் என்று. சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, "பொட்டப்புள்ளைக்கு அஞ்சாவது போதாதா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆடி மாதம் மாமா அந்தியூர்ச் சந்தைக்குப் போனார். தெரிந்தவர் லாரியில் குதிரையோடு திரும்பி வந்தார்.

சுழி

மாடு வாங்குகிறவர்கள் சுழி பார்ப்பது போலக் குதிரைக்கும் பார்ப்பார்கள். முடி எங்கே எந்தப் பக்கமாகச் சுழிக்கிறது என்று விரலால் தடவித் தடவிப் பார்ப்பார்கள். இந்தக் குதிரைக்குக் கழுத்தடியில் ஒரு சுழி இருந்தது. ஆகாத சுழி. வாங்கினால் வீட்டுக்கு ஆகாது என்று சந்தையில் எல்லோரும் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

அக்காவுக்கு அது தெரிந்துவிட்டது. மூன்று நாள் அவர் மாமாவோடு பேசவில்லை. நாலாவது நாள் சோறு போடும்போது கேட்டார்.

"சுழி பாக்காம எப்படிங்க வாங்குனீங்க?"

"பாத்தனே."

"பாத்துமா?"

"அத்தன லாரி ஆரன் அடிச்சிட்டுப் போச்சு. மத்த குதிரையெல்லாம் துள்ளுச்சு. இது காத மட்டும் திருப்பிக் கேட்டுச்சு. எனக்கு அது போதும்."

மாமா ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அக்கா என்னிடம் தனியாக வந்தார். "அம்மிணி, புள்ளய அந்த மிருகத்துக்கிட்ட உடாத. ஏற்கெனவே ஒத்தக் காலு. அதும் போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கும் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. எருமைக்கே பயப்படுகிறவள் நான். ஆனால் மாமாவுக்கு மஞ்சளுக்குத் தண்ணீர் கட்ட வேண்டும், களை எடுக்கும் ஆட்களைப் பார்க்க வேண்டும். அக்காவோ கிட்டவே போகமாட்டார். மிச்சம் இருந்தது நான்தான்.

பதினாறு கண் மதகு

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். எனக்கு ஆறு வயதிருக்கும். மேட்டூர் அணை நிரம்பிப் பதினாறு கண் மதகையும் திறந்துவிட்டிருந்தார்கள். மின்நிலையத்தில் வேலை பார்த்த என் அப்பா என்னைக் காட்டக் கூட்டிப் போனார். தூரத்திலேயே நிலம் அதிர்வது உள்ளங்காலில் தெரிந்தது. நான் வரமாட்டேன் என்று ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா என்னைத் தூக்கவில்லை, அதட்டவும் இல்லை. வேட்டி அழுக்காகுமே என்று பார்க்காமல் அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வறுத்த கடலை வாங்கி உரித்துக் கொடுத்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பொட்டலம் தீர்ந்தபோது நானே எழுந்து நடந்தேன். வெள்ளைவெளேரென்று அந்தத் தண்ணீர் இடிந்து விழுவதைப் பார்த்தேன். முகமெல்லாம் சாரல். பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன.

சாந்தாமணியை என்ன செய்வது என்று யோசித்தபோது எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

தினமும் சாயங்காலம் மடியில் கடலைக்காயைக் கட்டிக்கொண்டு அவளும் நானும் வாய்க்கால் மேட்டில் உட்காருவோம். குதிரையை வேம்புக்கடியில் கட்டியிருக்கும். முதல் நாள் எங்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரு தென்னை வரிசையே இருந்தது. அடுத்த நாள் ஒரு மரம் நெருங்கி உட்கார்ந்தோம். அடுத்த நாள் இன்னொரு மரம்.

உட்கார்ந்து பார்க்கப் பார்க்க அது எங்களுக்குப் புரிபடத் தொடங்கியது. மைனா வந்து முதுகில் உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சுண்டும், மற்ற இடமெல்லாம் அசையாது. ஊறவைத்த கொள்ளைத் தின்னும்போது கல் இருந்தால் உதட்டாலேயே ஒதுக்கிவிடும். எங்கேயோ பஸ் வருவது எங்களுக்குக் கேட்பதற்கு முன்னால் அதன் காது அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

"பஸ்ஸு வருது பாருங்க," என்பாள் சாந்தாமணி. ரொம்ப நேரம் கழித்து ஆரன் கேட்கும். அவள் என்னைப் பார்ப்பாள். நானும் அவளைப் பார்ப்பேன்.

ஒரு வாரம் கழித்துக் குதிரையே கயிறு எட்டும் மட்டும் வந்து கழுத்தை நீட்டியது. அவள் கையில் உரித்த கடலை இருந்தது. கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதன் உதடு உள்ளங்கையில் பட்டதும், "பஞ்சு மாதிரி இருக்குதுங்க சின்னம்மா," என்று குரலே வராமல் சொன்னாள்.

"மொதல்ல நீங்க ஏறுங்க"

தொடுவது வேறு, ஏறுவது வேறு. ஏறலாமா என்று கேட்டதும் அவள் முகம் பழையபடி ஆகிவிட்டது.

"மொதல்ல நீங்க ஏறுங்க. அப்பறம் பாக்கலாம்."

புடவை கட்டிய மருமகள் குதிரை ஏறினால் அந்தப் பக்கத்தில் எட்டு ஊருக்குப் பேச்சாகிவிடும். ஆனால் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. மாமா சந்தைக்குப் போன ஒரு மத்தியானம். வீட்டுக்காரரின் காக்கிக் கால்சட்டையை உள்ளே போட்டுக்கொண்டு சேலையைத் தூக்கிச் செருகினேன். என்னென்னவோ முணுமுணுத்துக்கொண்டே அக்கா படலுக்கு அந்தப் பக்கம் காவலுக்கு நின்றார். மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டியின் விளிம்பில் ஏறி, அங்கிருந்து குதிரைமேல் உட்கார்ந்தேன்.

கீழே ஒரு உயிர் மூச்சு விடுவது தொடை வழியாக எனக்குத் தெரிந்தது. அது ஓரடி வைத்ததும் என் உடம்பு முழுவதும் ஒரு பக்கமாகப் போய்த் திரும்பி வந்தது. பத்துப் பன்னிரண்டு அடி நடந்திருக்கும். நேராக அகத்தி மரத்துக்குப் போய்த் தழையை இழுத்துத் தின்ன ஆரம்பித்தது. என்னால் திருப்பவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. அக்கா ஓடி வந்து இறக்கிவிட்டார். அவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

சாந்தாமணி சிரிக்கவில்லை.

"சின்னம்மா, நீங்க கண்ண மூடியிருந்தீங்க."

"ஆமா சாமி. பயமா இருந்துச்சு."

"பயந்துட்டேவா உக்காந்திருந்தீங்க?"

"ஆமா."

அவள் யோசித்தாள். பயம் போனால்தான் ஏற முடியும் என்று அதுவரை நினைத்திருந்தாள் போலிருக்கிறது.

"செரிங்க. நாளைக்கு நான்."

இரும்புச் சத்தம்

மறுநாள் மாமா அவளைத் தூக்கிக்கொண்டு கிட்டப் போனார். குதிரை காதைப் பின்னுக்கு மடக்கி விலகியது. இன்னொரு முறை போனார், மறுபடியும் விலகியது. மூன்று நாள் இப்படியே ஆனது. சுழி வேலையைக் காட்டுகிறது என்றார் அக்கா.

நாலாவது நாள் சாந்தாமணி தொட்டி விளிம்பில் உட்கார்ந்து குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலை ஒருமுறை அசைத்தாள். இரும்பு கல்லில் பட்டுக் 'கிணிங்' என்றது. குதிரையின் காது மடங்கியது. மறுபடியும் அசைத்தாள். மறுபடியும் மடங்கியது.

பாவாடையை முழங்காலுக்கு மேலே ஏற்றிக்கொண்டு, வாரை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். களை எடுக்க வந்த பெண்கள் ஐந்தாறு பேர் அங்கே நின்றிருந்தார்கள். நான் அவசரமாக மறைக்கப் போனேன். அவள் என் கையை விலக்கினாள். பூட்ஸைக் கழற்றி, சத்தம் வராமல் கீழே வைத்தாள். அந்தக் காலை நான் பார்த்தது அன்றுதான். வெளுத்து, என் மணிக்கட்டு அளவுக்குத்தான் இருந்தது.

"இரும்புச் சத்தம் அதுக்குப் புடிக்கலீங்க," என்றாள். பிறகு, "எனக்கும் புடிக்காது," என்றாள்.

மாமா தூக்கி வைத்தார். குதிரை அசையாமல் நின்றது.

அது நாலடி வைத்ததும் அவள் இடது பக்கம் சரிந்தாள். அந்தக் காலில் பிடிப்பு இல்லை. ஆனால் அழவில்லை. "மறுக்கா வையுங்கப்பா," என்றாள். மாமா மறுபடியும் தூக்கி வைத்தார்.

தையல் மிஷின்

என் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த தையல் மிஷின் ஒன்று இருந்தது. சாக்கை இரட்டையாக மடித்து, உள்ளே இலவம்பஞ்சைத் திணித்து ஒரு சேணம் தைத்தேன். இடது தொடை சரியாமல் இருக்க அந்தப் பக்கம் தலையணை மாதிரி ஒரு உருளை. முன்னால் பிடித்துக்கொள்ள ஒரு துணி வளையம். மூன்று ஊசி முறிந்தது. முதலில் தைத்தது நழுவியது. இரண்டாவது அவள் தொடையை அறுத்தது. மூன்றாவதற்கு என் பழைய நூல்சேலையை மேலே போட்டுத் தைத்தேன். அது உட்கார்ந்தது.

ஆவணி முழுக்க நடந்தோம். முதலில் கிணற்றைச் சுற்றி, பிறகு இட்டேரியில், கடைசியில் ஆற்று மணலில். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் போவேன். பின்னாலிருந்து அவள் குதிரையோடு பேசிக்கொண்டே வருவாள். தரையில் நடக்கும்போது அவள் எப்போதும் ஒரு பக்கம் குனிந்திருப்பாள். மேலே உட்கார்ந்தால் முதுகு நேராகிவிடும். அதைப் பார்ப்பதற்காகவே நான் அடிக்கடி திரும்பிப் பார்ப்பேன். ஒருநாள் வயலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த மாமா, மண்வெட்டியைப் பிடித்தபடி அவளையே பார்த்து நின்றுவிட்டார். பாத்தி நிரம்பித் தண்ணீர் வரப்பைத் தாண்டி ஓடியது. அவருக்குத் தெரியவில்லை.

பரீட்சை நாள்

பரீட்சையன்று காலையில் எங்கள் பக்கம் சொட்டு மழை இல்லை. வழக்கம்போல் கிளம்பினோம். அவள் முதுகில் புத்தகப் பை. இரும்புப் பூட்ஸ் என் தோள்பையில். பள்ளிக்கூடத்தில் இறங்கியதும் மாட்டிவிடலாம் என்று எடுத்துக்கொண்டேன்.

இட்டேரி முடிந்து பார்த்தால் ஆற்றில் தண்ணீர். ராத்திரி ஏற்காட்டு மலையில் மழை கொட்டியிருக்கிறது. செங்காவி நிறத்தில், வேகமாக ஓடியது. அக்கரையில் ஒரு ஆள் முழங்கால் ஆழத்தில் இறங்கி ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். அதைப் பார்த்து நானும் இறங்கினேன். பாலம் சுற்றிப் போனால் பரீட்சை போய்விடும்.

பாதி ஆற்றில் என் கால் பள்ளத்தில் இறங்கியது. மணல் அள்ளிய குழி. தண்ணீர் மார்பளவுக்கு வந்தது. அணைக்கட்டு ஊரில் வளர்ந்தும் எனக்கு நீச்சல் தெரியாது. கயிறு கையை விட்டுப் போய்விட்டது. உருண்டு புரண்டு, கரையோரத்து நாணலைப் பிடித்துப் புறப்பட்ட கரைக்கே வந்து விழுந்தேன்.

நிமிர்ந்து பார்த்தேன். நட்டாற்றில் குதிரை நின்றது. வயிறு வரை தண்ணீர். மேலே சாந்தாமணி.

"திரும்பி வந்துரு சாமி. இங்க வந்துரு," என்று கத்தினேன்.

அவள் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. முன்னால் குனிந்து, தொங்கிய கயிற்றை இழுத்துக் குதிரையின் கழுத்தின்மேல் போட்டாள். இறுக்கிப் பிடிக்கவில்லை. ஒரு கை வளையத்தில், ஒரு கை அதன் கழுத்தில். அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

குதிரை தலையைத் தாழ்த்தித் தண்ணீரை மோந்து பார்த்தது. ஒரு காலை எடுத்து முன்னால் வைத்துப் பார்த்தது. பின்னுக்கு இழுத்துக்கொண்டது. பிறகு நேராகப் போகாமல் வடக்குப் பக்கம், தண்ணீர் வரும் திசையில் திரும்பியது. நாலடி வைத்து நின்றது. கேட்பதுபோல் காதை முன்னுக்கு நீட்டியது. மறுபடியும் காலால் தடவியது. அவளும் அதுவும் எதற்கும் அவசரப்படவில்லை. எனக்குப் பின்னால் குருவிகள் கத்திக்கொண்டிருந்தன.

தண்ணீர் வயிற்றிலிருந்து முழங்காலுக்கு இறங்கியது. பிறகு குளம்பு தெரிந்தது. ஒரே எட்டில் அது அக்கரை ஏறியது. உடம்பை உதறியதில் தண்ணீர் இருவரையும் சுற்றிப் பொடியாகச் சிதறியது.

அவள் திரும்பிப் பார்ப்பாள், கையைக் காட்டுவாள் என்று நின்றேன். பார்க்கவில்லை. குதிரையின் கழுத்தைத் தட்டிக் கொடுத்துவிட்டு, ஆட்டையாம்பட்டிப் பாதையில் திரும்பினாள். பனைமரங்களுக்கு நடுவே அவளுடைய நேரான முதுகு கொஞ்ச நேரம் தெரிந்தது.

இப்போது சாந்தாமணி அரசாங்க வேலை முடித்து ஓய்வு பெறப்போகிறாள். இந்த அத்தியாயத்தை எழுதுவதற்கு முன் போன் போட்டு, அன்றைக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன். "இருந்துச்சுங்க சின்னம்மா. ஆனா அது யோசன பண்ணிட்டிருந்துச்சு. யோசிக்கறப்ப தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு பேசாம இருந்துட்டேன்," என்றாள்.

பள்ளிக்கூட வேம்பு

பாலம் சுற்றி நடந்து நான் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. சேலை பாதி காய்ந்து, மண் அப்பியிருந்தது. பையில் இரும்புப் பூட்ஸ் கனத்தது. அது இல்லாமல் குதிரையிலிருந்து எப்படி இறங்கினாள், எப்படி வகுப்புக்குள் போனாள் என்பதுதான் வழியெல்லாம் என் மனதில் ஓடியது.

வராந்தா விளிம்பு வரைக்கும் குளம்புத் தடம் இருந்தது. அங்கே இறங்கிச் சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டே போயிருக்கிறாள். சுவரில் வரிசையாகக் காய்ந்த மண் கைத்தடங்கள். கடைசித் தடம் ஆறாம் வகுப்பு வாசலில் முடிந்தது.

ஜன்னல் வழியே பார்த்தேன். பெண்கள் வரிசையில் முதலாவதாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். பாவாடை ஈரம். சூம்பிய கால் எல்லோருக்கும் தெரியும்படி நீட்டியிருந்தது. என்னைப் பார்த்துவிட்டாள். நான் பையைத் தூக்கிக் காட்டினேன். இருங்க என்று கையைக் காட்டிவிட்டு மறுபடியும் எழுத ஆரம்பித்தாள்.

வெளியே வேம்பில் குதிரையை யாரோ கட்டியிருந்தார்கள். போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதன் மார்பில் ஈரம் இன்னும் காயவில்லை. கையை வைத்தேன். உள்ளே இதயம் அடிப்பது கைக்குத் தெரிந்தது. நிதானமாக, பெரிதாக அடித்தது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

பியூன் வந்தார். என் கோலத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"யாருங்க நீங்க? யாரப் பாக்கோணும்?"

எழுந்து நின்றேன்.

"யாரையும் பாக்க வேண்டாமுங்க," என்றேன். "நான் இந்தக் குதிரகூட வந்தவ."